யார் சாவார் என்ற கணக்கு

பெரிய பதிப்பகம் ஒன்று தன் நாயகர்கள் அத்தனை பேரையும் ஒரே கதைக்குள் கொண்டுவரப் போவதாக அறிவித்துவிட்டால், எழுதுபவர் யார், வரைபவர் யார், வில்லன் யார் என்பதெல்லாம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் கூட்டத்துக்கு அப்புறம்தான். முதலில் எழும் கேள்வி எப்போதும் ஒன்றே. "இந்தத் தடவை யாருங்க போறது?" என்று தொடங்கிவைப்பவர் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் அண்ணன். பாலக்காட்டில் பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவன் உடனே நீளமான கணக்கு நோட்டை எடுத்து விரிப்பான். வேலந்தாவளத்துப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவரும் வருவார். முத்து காமிக்ஸ் 1972இல் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவிக்குப் பிறகு பிறந்த நாயகர்கள் யாராக இருந்தாலும் வெறும் உடுப்புதான் என்பது அவருடைய உறுதியான கருத்து, ஆனாலும் பந்தயத்தில் அவர் பெயர் தவறாமல் இருக்கும். பந்தயப் பொருள் பொறாட்டாவும் பீஃப் ரோஸ்டும். பள்ளியில் தமிழும், வாயனசாலையில் மலையாள வார இதழ்களும், உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் தூசி தட்டி எடுத்த ஆங்கிலப் படக்கதைகளுமாக வளர்ந்தவர்கள் நாங்கள். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் இது ஒன்றும் அதிசயமான கலவையல்ல.

இந்த ஆட்டத்தில் எனக்கும் ருசி உண்டு. ஆனால், இப்படிப் பல நாயகர்கள் ஒரே கதையில் சேரும் ஒரு கிராஸ்ஓவரில் யார் சாவார் என்று ஊகிக்கும் ரசிகர் அந்த நேரத்தில் கதையைப் படிப்பதில்லை, கடையைப் படிக்கிறார் என்பது என் எண்ணம். பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கும் தரகரின் கண்தான் அப்போது அவருக்கு. இந்த நாயகன் இன்னும் எத்தனை நாள் உழுவான், இவனை விற்றுவிட்டால் நட்டமா, இவன் இடத்தில் கட்ட இன்னொன்று தொழுவத்தில் இருக்கிறதா என்பவையே அவருடைய கேள்விகள்.

அந்தக் கண்ணுக்குச் சான்றுகள் நிறையவே கிடைக்கும். அமெரிக்க இதழ்களுக்கான அறிவிப்புகள், இதழ் கடைக்கு வருவதற்கு ஏறத்தாழ இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே வந்துவிடுகின்றன. எந்தத் தொடர் நிறுத்தப்படுகிறது, எந்த அட்டைப்படம் கறுப்பாக மறைக்கப்பட்டிருக்கிறது, யாருடைய உடையை வேறொருவர் அணிந்து நிற்கிறார் என்பதை அவற்றிலிருந்தே கூட்டிக் கழித்துவிடலாம். சமீபத்தில் சீடனோ மகளோ வாய்த்த நாயகன் ஆபத்தில் இருக்கிறான். திரைப்படங்கள் பெருகிய பிறகு இன்னொரு சான்றும் சேர்ந்துகொண்டது: நடிகரின் ஒப்பந்தம் எந்தப் படத்தோடு முடிகிறது என்பது. 2019இல் அயர்ன் மேன் திரையில் இறந்தபோது எங்களூரில் அழுதவர்கள் உண்டு. ஆச்சரியப்பட்டவர்கள் அதிகம் இல்லை.

இந்தக் கணக்குக்கெல்லாம் மூலப்பாடம் 1985இல் தொடங்கிய 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்'. மார்வ் வுல்ஃப்மன் எழுத, ஜார்ஜ் பெரெஸ் வரைந்த பன்னிரண்டு இதழ்கள். அதற்குள் டிசி நிறுவனம் தன் எண்ணற்ற உலகங்களை ஒன்றாகக் குறுக்கியது, ஏழாம் இதழில் சூப்பர்கேர்ள், எட்டாம் இதழில் ஃபிளாஷாக இருந்த பாரி ஆலன் என்று இரண்டு பெரிய பெயர்களையும் பலிகொடுத்தது. கடையைப் படிக்கும் கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் காரணம் வெளிப்படை. கிரிப்டான் கோளிலிருந்து தப்பியவன் சூப்பர்மேன் ஒருவனே என்ற பழைய தனிமையை மீட்க வேண்டுமானால் அவனுடைய சித்தப்பா மகள் இருக்கக் கூடாது. பாரி ஆலனின் தொடரோ அதே ஆண்டில் 350ஆம் இதழோடு நிறுத்தப்பட்டுவிட்டது, அவனுடைய இடத்துக்கு வாலி வெஸ்ட் என்ற சீடன் தயாராகவும் இருந்தான். அன்று நாங்கள் இருந்து பந்தயம் கட்டியிருந்தால் தம்பியின் நோட்டு வென்றிருக்கும்.

ஆனால் அந்த எட்டாம் இதழைத் திறந்து பாருங்கள். பிரபஞ்சங்களை அழிக்கும் பீரங்கியைச் சுற்றி, அதன் ஆற்றலுக்கு எதிர்த்திசையில், பாரி ஓடிக்கொண்டே இருக்கிறான். ஓட ஓட உடல் கரைகிறது, காலத்தில் பின்னோக்கிச் சிதறுகிறது, கடைசியில் வெற்று உடுப்பு மட்டும் எஞ்சுகிறது. இதற்கெல்லாம் முன்பே, இரண்டாம் இதழில், பேட்மேன் முன்னால் ஃபிளாஷின் உருவம் ஒரு கணம் தோன்றி, உலகம் அழிகிறது என்று கதறி மறைந்திருக்கிறது. வாசகருக்கு எழுத்தாளர் ஆறு இதழ்களுக்கு முன்பே துப்புக் கொடுத்துவிட்டார். அப்படியிருந்தும் அந்தப் பக்கங்கள் வாசகரை உலுக்குகின்றன, ஏனென்றால் இவன்தான் போகிறான் என்று தெரிந்திருந்தவருக்கும் இப்படிப் போவான் என்று தெரியாது. சூப்பர்கேர்ளின் முடிவும் அப்படியே. அவள் எதிரியை ஏறக்குறைய வீழ்த்திவிட்டாள். அந்த நேரத்தில், பக்கத்தில் நிற்கும் டாக்டர் லைட் என்ற பெண்ணிடம் தப்பித்துப் போகச் சொல்லித் திரும்புகிறாள், திரும்பிய அந்தக் கணத்தில் அடி விழுகிறது. கதாபாத்திரத்தின் குணமே அவளைக் கொல்கிறது. நோட்டில் இதை எழுதக் கட்டமே கிடையாது.

கணிப்பு எவ்வளவு கெட்டித்தனமாக இருந்தாலும் சறுக்கும் என்பதற்கு 2005இல் தொடங்கிய 'இன்ஃபினிட் கிரைசிஸ்' நல்ல எடுத்துக்காட்டு. அதில் சாகப் போவது நைட்விங் என்று, அதாவது பேட்மேனின் முதல் சீடனான டிக் கிரேசன் என்று, ரசிகர்களில் பலர் அடித்துச் சொன்னார்கள். அவர்கள் கண்ணும் பொய்க்கவில்லை. நிறுவனத்தின் ஆசிரியப் பொறுப்பில் இருந்த டான் டிடியோ அவனைக் கொல்லவே விரும்பினார் என்பது பிறகு அவர் வாயாலேயே வெளிவந்தது. கூட இருந்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஆறாம் இதழில் இறந்தது சூப்பர்பாயான கானர் கென்ட். அதே காலத்தில் சூப்பர்மேனைப் படைத்தவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகலின் வாரிசுகள் சூப்பர்பாய் உரிமைக்காக வழக்காடிக்கொண்டிருந்தார்கள், 2006 மார்ச்சில் ஒரு தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. வழக்கையும் சாவையும் முடிச்சுப் போடாத ரசிகரை நான் பார்த்ததில்லை. "கோர்ட்டுல கேஸ் இருக்குதுன்னா ஆளையே போட்டுத் தள்ளிருவாங்களாங்க?" என்று தோப்புக்காரப் பெரியவர் கேட்டபோது, எங்கள் வட்டத்தில் நிலத் தகராறுகளைக் கண்டு பழகிய யாருக்கும் அது அப்படியொன்றும் நடக்காத காரியமாகப் படவில்லை.

ரசிகர்களின் ஊகம் கதைக்கு வெளியே நின்று வேடிக்கை பார்ப்பதோடு முடிந்துவிடும் என்றால் பாதகமில்லை. சில சமயம் அது உள்ளே புகுந்து கதையையே கெடுத்துவிடும். 1991இல் 'ஆர்மகெடான் 2001' என்றொரு தொடர் வந்தது. நாயகர்களில் ஒருவன் எதிர்காலத்தில் மொனார்க் என்ற கொடுங்கோலனாக மாறுவான், அவன் யார் என்று கண்டுபிடியுங்கள் என்பதே அதன் தூண்டில். கேப்டன் ஆட்டம் என்ற நாயகன்தான் அவன் என்ற திட்டம் வெளியே கசிந்துவிட்டது. பதறிப்போன பதிப்பகம் கடைசி நேரத்தில் விடையை மாற்றி, ஹாக் என்பவனை அந்த இடத்தில் உட்கார வைத்தது, அதற்காக அவனுடைய கூட்டாளியான டோவ் அவன் கண்ணெதிரே கொல்லப்பட வேண்டியதாயிற்று. ஹாக் மொனார்க்காக இருக்க முடியாது என்று காட்டும் இதழ் அதே தொடரில் முன்பே அச்சாகியிருந்தது. ஆக, வாசகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காக, சரியான விடை தவறாக்கப்பட்டது. ஒரு பெண் பாத்திரம் கதையின் தேவைக்காக அல்லாமல் பதிப்பகத்தின் வெட்கத்துக்காகச் செத்தாள். எழுதுபவர் வாசகரின் ஊகத்தை அஞ்சத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட மோசமான சான்று என்னிடம் இல்லை.

என்னிடம் இல்லை என்றேன். 1988ஐ மறந்து சொல்லவில்லை. அது வேறு வகை. பேட்மேனின் சீடனாக வந்த இரண்டாவது ராபினான ஜேசன் டாட் குண்டுவெடிப்பில் சிக்கிக் கிடக்க, அவன் பிழைப்பதா சாவதா என்பதை வாசகர்களே தொலைபேசியில் முடிவு செய்யும்படி டிசி விட்டது. இரண்டு எண்கள், அழைப்புக்கு 50 சென்ட், ஏறத்தாழ ஒன்றரை நாள் அவகாசம். சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்று 5,271. வித்தியாசம் 72. இரண்டு முடிவுகளையும் தயாராக வைத்திருந்தவர்கள் ஒன்றை அச்சிட்டார்கள். ஊகிப்பதற்கும் விரும்புவதற்கும் நடுவே இருந்த மெல்லிய திரை அன்று கிழிந்தது. பையன் அடங்காதவன், பழைய ராபின் போல இல்லை என்பதுதான் பலரின் குறை. ஒரு சிறுவனைப் பிடிக்கவில்லை என்பதைத் தெரிவிக்க 50 சென்ட் செலவழிக்க ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் அருவருப்பூட்டுகிறது. "நானா இருந்தா பொழைக்கட்டும்னுதான் கூப்பிட்டிருப்பேன் அண்ணா" என்கிறான் தம்பி. எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அந்தக் கதையை எழுதிய ஜிம் ஸ்டார்லின்தான் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 1982இல், மார்வெல் நிறுவனத்துக்காக 'த டெத் ஆஃப் கேப்டன் மார்வெல்' என்ற நூலை எழுதி வரைந்தார். அதில் ஊகிக்க ஒன்றுமே இல்லை. யார் சாவார் என்பது அட்டையிலேயே எழுதியிருக்கிறது. எப்போதோ நடந்த ஒரு சண்டையில் சுவாசித்த நச்சுவாயுவால் நாயகனுக்குப் புற்றுநோய். அறிவியல் மேதைகளான அத்தனை நாயகர்களும் கூடி மருந்து தேடுகிறார்கள், கிடைக்கவில்லை. கட்டிலைச் சுற்றி அவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதை ஸ்டார்லின் பக்கம் பக்கமாக வரைகிறார். ஒரே கையால் மலையைத் தூக்குபவர்களுக்கு அந்த அறையில் எங்கே நிற்பது என்றுகூடத் தெரியவில்லை. அந்த நிற்கத் தெரியாமையை எந்த ஸ்பாய்லராலும் கெடுக்க முடியாது. வாக்கெடுப்புச் சாவையும் இந்தக் கட்டில் சாவையும் ஒரே மனிதர் எழுதினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பாரதப்புழையோரத்துத் தோல்பாவைக் கூத்து ஞாபகம் வரும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் பகுதிகளின் பகவதி கோயில்களில், கோயிலுக்கு எதிரே நிற்கும் கூத்துமாடத்தில், திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் விளக்கேற்றி, மான்தோலில் வெட்டிய பாவைகளைக் கொண்டு இரவெல்லாம் இராமகதை ஆடுவார்கள். நடப்பது கேரளத்தில், பாடுவது கம்பனை. புலவர்கள் ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டால் மலையாளமும் தமிழும் விரவிய நடையில் நெடுநேரம் விரித்துப் பேசுவார்கள். பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராவண வதத்தைப் பார்க்க முடியாமல் போயிற்று என்றும், அவளுக்காகவே இது ஆடப்படுகிறது என்றும் ஐதிகம். அதனால் முன்னால் ஓர் ஆளும் உட்கார்ந்திருக்காத இரவுகளிலும் கூத்து நிற்பதில்லை. இருக்கும் சிலருக்கும் யார் சாவார் என்பதில் ஐயமே கிடையாது. கும்பகருணன் சாவான், இந்திரசித்து சாவான், கடைசியில் இராவணன்.

அந்தக் கும்பகருணனைத்தான் எங்கள் பந்தயக் கூட்டத்தின் முன் நான் மறுபடி மறுபடி கொண்டுபோய் நிறுத்துவது வழக்கம். தம்பி வீடணன் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து, பிழைத்துக்கொள்ளலாம் வா என்று அழைக்கிறான். நெடுங்காலம் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பிய அண்ணனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன், நீ போய்ப் பிழை என்று அவன் திருப்பி அனுப்புகிறான். பிறகு போரில் மூக்கும் காதும் போய், கைகால் இழந்து கிடக்கும்போது இராமனிடம் அவன் கேட்கும் வரம் இருக்கிறதே, அது கேட்பவரின் தொண்டையை அடைக்கும். தம்பியைக் காப்பாற்று என்பது ஒன்று. மூக்கில்லாத முகம் என்று பார்ப்பவர்கள் எள்ளாதபடி, என் தலையை அறுத்துக் கடலுக்குள் எறிந்துவிடு என்பது மற்றொன்று. மலைபோன்ற வீரனுக்குச் சாகும் நேரத்தில் கவலை தன் முகத்தைப் பற்றி. கூத்துக்கு வருபவர்கள் இதைத் தெரிந்துகொண்டே வருகிறார்கள், இதற்காகவே வருகிறார்கள்.

செத்தவன் எழுந்து வருவதைச் சொல்லி அமெரிக்கக் கதைகளை மட்டமாகப் பேசுகிறவர்களுக்கும் அதே கூத்துமாடத்தில் விடை உண்டு. இலக்குவன் நாகபாசத்தில் விழுந்து கருடனால் எழுகிறான். மறுபடி பிரமாத்திரத்தில் விழுந்து, அனுமன் கொண்டுவந்த மருந்துமலையால் எழுகிறான். எழுவான் என்று தெரிந்தும் இராமன் புலம்பும் இரவில் யாரும் கொட்டாவி விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை. திரும்பி வருவது குற்றமல்ல. விழுந்தபோது கூட இருந்தவர்களின் துயரத்தை எழுதாமல் விடுவதுதான் குற்றம்.

'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இதை 2011இல் ஏறக்குறையச் சரியாகச் செய்தது. நால்வரில் ஒருவர் இறப்பார் என்று மார்வெல் முன்கூட்டியே தண்டோரா போட்டது. அப்பாவும் அம்மாவுமான ரீடையும் சூவையும் தொட மாட்டார்கள், பென் குழுவின் உயிர்நாடி, ஆகவே கல்யாணமாகாத ஜானிதான் என்று கூட்டிக் கழித்தவர்கள் வென்றார்கள். கறுப்பு உறையில் வந்த 587ஆம் இதழில் ஜானிதான் போனான். ஆனால் எழுதிய ஜோனதன் ஹிக்மன் அதற்குள் ஒன்றைச் செய்திருந்தார். அந்த வாரத்தில் பென் தற்காலிகமாகச் சாதாரண மனிதனாகியிருக்கிறான். பாறையுடல் இருந்திருந்தால் வேற்றுலகத்துக்குத் திறக்கும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, உள்ளே புக வரும் படையைத் தடுத்திருப்பவன் அவன். வலுவில்லாத அவனை இந்தப் பக்கம் தள்ளிவிட்டு ஜானி அந்தப் பக்கத்திலிருந்து கதவை அடைக்கிறான். வருந்தி வருந்திக் கேட்டுக் கிடைத்த மனித உடம்போடு பென் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. பெயரைச் சரியாகச் சொல்லிப் பொறாட்டா வென்றவர்கள்கூட இதை எதிர்பார்த்திருக்க முடியாது. அதே ஆண்டு நவம்பரில் 600ஆம் இதழில் ஜானி திரும்பிவிட்டான் என்பதும் உண்மை. வட்டமான எண் எப்போது வருகிறது என்று பார்த்தாலே திரும்பும் நாளையும் சொல்லிவிடலாம் என்று தம்பி ஒரு சூத்திரமே வைத்திருக்கிறான். சூப்பர்மேன் விஷயத்தில் அதுகூடத் தேவைப்படவில்லை. 1992 நவம்பரில் கறுப்புக் கைப்பட்டை வைத்த உறையில் அடக்கம் செய்தவனை மறு ஆண்டே எழுப்பிவிட்டார்கள்.

திரும்பாதவர்கள் என்று ஒரு காலத்தில் ரசிகர்கள் மூன்று பெயர் சொல்வார்கள்: ஸ்பைடர்மேனின் அங்கிள் பென், கேப்டன் அமெரிக்காவின் தோழன் பக்கி, ஜேசன் டாட். பக்கியும் ஜேசனும் 2005இல் அடுத்தடுத்து எழுந்து வந்தார்கள். 72 அழைப்பு வித்தியாசத்தில் கொல்லப்பட்ட பையன் இப்போது முகமூடியும் துப்பாக்கியுமாக நன்றாகவே விற்கிறான்.

சென்ற வாரம் கடைத் திண்ணையில் எழுந்த தகராறு கேப்டன் மார்வெலின் வரிசையைப் பற்றியது. நோட்டின் கடைசிக் கட்டத்தில், திரும்பிய ஆண்டு என்ற தலைப்பின் கீழ், தம்பி கோடு இழுத்திருந்தான். கைபேசிக் கடை அண்ணன் ஒப்பவில்லை. இடையில் ஒரு முறை அவன் திரும்பி வந்ததாகக் கதையில் காட்டினார்களே என்றார். வந்தவன் வேடமிட்ட ஸ்க்ரல், அதாவது உருமாறும் வேற்றுக்கிரகவாசி, என்று 'சீக்ரெட் இன்வேஷன்' என்ற மார்வெல் தொடரின் சமயத்தில் தெரிந்துபோயிற்று, போலியாக வந்தவனை நோட்டில் ஏற்ற முடியாது என்றான் தம்பி. "வந்தவன் போலின்னாலும், அதை நம்பி அழுதவங்க நெசந்தானே கண்ணு?" என்று அண்ணன் கேட்டார். தோப்புக்காரப் பெரியவர், முதலில் போன முறை தோற்ற கணக்கைத் தீர்த்துவிட்டு இதைப் பேசுங்கள் என்று கடைப் பையனிடம் பொறாட்டாவுக்குச் சொல்லி அனுப்பினார். நான் தம்பியின் பக்கம் வாக்களித்தேன்.